விழுந்துகொண்டிருந்த மந்திரவாதி

2003-ம் வருடம், மழைக்காலம். அப்போது நான் திருவனந்தபுரத்தில், கழக்கூட்டம் பக்கத்தில் இருந்த ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். புரோகிராம் எழுதும் வேலை இல்லை. மற்றவர்கள் எழுதும் புரோகிராமை எப்படிப் பயன்படுத்துவது என்று கையேடு எழுதும் வேலை. நான் எழுதும் வாக்கியத்தை யார் படித்தாலும் ஒரே மாதிரிதான் புரிய வேண்டும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. வீட்டில் அம்மா "சாயங்காலம் சீக்கிரம் வந்துடு" என்றால்கூட "சீக்கிரம்னா எத்தனை மணிக்கு?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

இப்படிப்பட்டவள் கையில் ஒரு மந்திரப் புத்தகம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கதை.

எங்கள் டீம் லீடர் அமெரிக்காவுக்குப் போய்விட்டு வந்தபோது ஒரு விளையாட்டுப் புத்தகம் கொண்டுவந்தார். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து விளையாடுவது. போர்டு கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருப்பார்கள். ஒருத்தர் வாள் வீரர், ஒருத்தி வில்லாளி, ஒருத்தர் மந்திரவாதி. "எதிரே ஒரு பேய் நிற்கிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று கதை சொல்பவர் கேட்பார். என்ன செய்கிறோம் என்று சொல்லிப் பகடையை உருட்ட வேண்டும். விழும் எண்ணைப் பார்த்து, அது நடந்ததா இல்லையா என்று கதை சொல்பவர் தீர்ப்புச் சொல்வார். அவர் தீர்ப்புதான் கடைசி.

இரண்டு மாதம் விளையாடக் கற்றுக்கொடுத்துவிட்டு டீம் லீடர் மறுபடியும் அமெரிக்காவுக்குக் கிளம்பினார். போவதற்கு முன்னால், புத்தகத்தில் மந்திரங்கள் இருக்கும் பகுதியை மட்டும் நான் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் போனதும் கதை சொல்லும் பதவி என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று அடக்கமாகச் சொல்கிறேன், உண்மையில் நான்தான் பாய்ந்து பிடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானம், வலியசாலையில் எங்கள் வீட்டு மாடியில் ஆட்டம். அக்ரஹாரத்துத் தெருவில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். மாடியிலிருந்து "வெட்டு! கொல்லு! அது செத்துப்போச்சா பாரு!" என்று சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று அம்மாவுக்குக் கவலை. காபித் தட்டோடு படியேறி வந்து, "ஏண்டி, கொலை பண்றதைக் கொஞ்சம் மெதுவாப் பண்ணப்படாதோ?" என்பாள்.

ஆடியவர்கள் மூன்று பேர். எல்லோரும் ஆபீஸ்காரர்கள். பக்கத்து சீட் தோழி வில்லாளி. கோழிக்கோட்டிலிருந்து வந்த ஒருத்தர் வாள் வீரர்; எங்கள் வீட்டில் மீன் கிடையாது என்பதை அவர் வாராவாரம் துக்கத்தோடு நினைவுபடுத்துவார். மூன்றாமவர்தான் மந்திரவாதி. அவர் பாறசாலைக்காரர். எல்லோரும் அவரைப் 'பாறசாலை' என்றுதான் கூப்பிடுவோம்.

பாறசாலை எல்லைப் பக்கத்து ஊர். அவர் வீட்டில் பேசுவது தமிழ், படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில். அவர் பேசும் மலையாளத்தைக் கேட்டு மலையாளிகள் சிரிப்பார்கள், தமிழைக் கேட்டு மெட்ராஸிலிருந்து வந்தவர்கள் சிரிப்பார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லைதான். ஆனால் வேலைக்குச் சேர்ந்த ஒரே மாதத்தில் அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டுவிட்டார். மீட்டிங்கில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நாலடி தூரத்தில் இருக்கும் எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் இ-மெயில் அனுப்புவார். வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, அதனால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் முதன்முதலாக ஆட வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கோட்டைக் காவலாளி வழிமறிக்கிறான், மந்திரவாதி என்ன சொல்கிறார் என்று கேட்டேன். அவர் பகடையை விரலால் திருப்பிக்கொண்டே இருந்தார். எனக்கே பாவமாகிவிட்டது. சரி, அடுத்தவரிடம் போகலாம் என்று நினைத்தபோது திடீரென்று மேஜையைத் தட்டி, "ஏல! மாறி நில்லுல! வந்திருக்கது ஆருண்ணு தெரியுமா ஒனக்கு?" என்று ஒரு சத்தம் போட்டார்.

நாங்கள் அரண்டுபோய் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் கைதட்டினோம். அந்த மந்திரவாதி எங்கோ தூர தேசத்திலிருந்து வந்தவன், அதனால் அவன் அப்படிப் பேசுவதில் யாருக்கும் எந்தச் சங்கடமும் இல்லை. பேய்களை அவன் திட்டிய திட்டைக் கேட்க எங்கள் அம்மாகூடக் காபித் தட்டை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பாள். கொஞ்சம் கொஞ்சமாக அது ஆபீசுக்கும் வந்தது. லிஃப்டில் அவர் வழியை மறித்து நின்றால் தோழி "மாறி நில்லுல!" என்பாள், அவரும் சிரித்துக்கொண்டு பதில் கொடுப்பார். மீட்டிங்கில் வாயைத் திறந்து இரண்டு வாக்கியம் பேசினார். அப்புறம் நாலு. கடைசியில், வெளிநாட்டிலிருந்து வரும் வாடிக்கையாளர்களுக்கு எங்கள் மென்பொருளை நின்று விளக்கிக் காட்டும் பொறுப்பை மேனேஜர் அவரிடம் கொடுத்தார். அவரும் சரி என்றார். அன்று சாயங்காலம் கேன்டீனில் எல்லோருக்கும் பழம்பொரி பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்.

அந்த விளக்கத்துக்கு மூன்று வாரம் இருந்தபோதுதான் நான் மந்திரவாதியைக் கொன்றேன்.

நடந்தது இதுதான். கதையில் எல்லோரும் ஒரு கோட்டையின் உச்சியில் நிற்கிறார்கள். ஒரு ராட்சதப் பறவை வந்து தோழியின் வில்லாளியை மதிலிலிருந்து தள்ளிவிட்டது. கீழே நூறடி, பாறை. பாறசாலைக்காரர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எடம் மாறுதேன்!" என்று பகடையை உருட்டினார். நல்ல எண் விழுந்தது.

இடம் மாற்றும் மந்திரத்துக்கு என் ஜெராக்ஸில் இருந்தது இவ்வளவுதான்: மந்திரவாதி தன் கண்ணுக்குத் தெரியும் கூட்டாளி ஒருவரோடு இடம் மாறிக்கொள்ளலாம், மாற்றம் கண் இமைக்கும் நேரத்தில் நடக்கும். முற்றுப்புள்ளி. அடுத்த பக்கத்தில் வேறு மந்திரம்.

இனி மந்திரவாதி விழுவாரா, மாட்டாரா?

எங்கள் நாலு பேருக்கும் இன்ஜினீயரிங் புத்தி. கோழிக்கோட்டுக்காரர் பேப்பர் எடுத்து அம்புக்குறி எல்லாம் போட்டு, விழுகிற வேகம் ஆளோடு போகும், அதனால் வில்லாளி மதில்மேல் வந்து அதே வேகத்தில் மோதிச் சாவாள் என்றார். "என்னை எதுக்குக் கொல்றே?" என்று தோழி அவர் மேல் பென்சிலை எறிந்தாள். மந்திரம் என்றால் பத்திரமாகத்தான் கொண்டுபோய் விடும் என்பது அவள் கட்சி. நான் வரி வரியாகப் படித்து, மாறுவது இடம் மட்டும், அந்த இடம் வெறும் காற்று, காற்றில் நிற்க முடியாது என்றேன். காப்பாற்றும் என்று எழுதியிருக்கிறதா? எழுதவில்லை என்றால் இல்லை.

பாறசாலைக்காரர் விடவில்லை. "கூட்டாளியக் காப்பாத்ததுக்கு உள்ள மந்திரம் இது. காப்பாத்துதவன் சாவாம்ணா, அம்பிடு பெரிய காரியத்த எழுதாம விடுவானா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதனால்தான் நான் குரலை உயர்த்தினேன். அவரும் உயர்த்தினார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். நானும் ஏதோ சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள், அவரும்கூடச் சிரித்தார். அப்புறம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக எடுத்துக்கொண்டு, விழுந்த அடி எவ்வளவு என்று பார்க்கப் பகடையை உருட்டினேன். மந்திரவாதி பிழைக்கவில்லை. பாறசாலைக்காரர் தன் பாத்திரத்தின் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

திங்கட்கிழமை அவரிடமிருந்து எனக்கு ஒரு இ-மெயில் வந்தது, கையேட்டில் ஒரு திருத்தம் பற்றி. அவர் நாலடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். புதன்கிழமை மேனேஜரிடம் போய், வாடிக்கையாளர்கள் வரும்போது பேசுவதற்கு வேறு யாரையாவது போடுங்கள் என்று சொல்லிவிட்டார். மேனேஜர் இன்னும் கொஞ்ச நாள் யோசிக்கச் சொன்னார், அவ்வளவுதான். அந்தச் சனிக்கிழமை அவர் ஆட்டத்துக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமையே ஊருக்குப் போய்விட்டாராம். அம்மா அவருக்கென்று எடுத்துவைத்த உப்பேரி, அதாவது நேந்திரங்காய் வறுவல், டப்பாவிலேயே இருந்தது. "அந்தப் பிள்ளை ஒண்ணுதான் கேட்டு வாங்கிச் சாப்பிடும். என்னடி பண்ணினே?" என்று கேட்டாள்.

"விதிப்படிதான் பண்ணினேன்" என்றேன்.

தோழி சும்மா இருக்கவில்லை. "ஒரு விளையாட்டுக்காக ஒருத்தனோட பேச்சையே பிடுங்கிட்டியே" என்று நேராகவே சொன்னாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. செத்தவனை எழுப்பினால் விளையாட்டுக்கு என்ன மரியாதை? நான் சொன்ன தீர்ப்பு சரி என்று தெரிந்துவிட்டால் அவரே ஒப்புக்கொள்வார் என்று நினைத்தேன். இன்று யோசித்தால் சிரிப்பு வருகிறது. ஒரு மனிதர் பேசுவதை நிறுத்திவிட்டார், அதற்கு மருந்தாக நான் அத்தாட்சி தேடிக்கொண்டிருந்தேன்.

அமெரிக்காவில் இருந்த டீம் லீடருக்கு இ-மெயில் அனுப்பி, இந்த மந்திரத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். இரண்டு நாளில் பதில் வந்தது. இதில் சந்தேகம் எதற்கு, அடுத்த பக்கத்தில் தெளிவாக இருக்கிறதே என்று எழுதி, அந்தப் பக்கத்தையும் ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார்.

அடுத்த பக்கமா? என் ஜெராக்ஸைப் புரட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் இல்லவே இல்லை. கடையில் நான்தான் பக்கம் பக்கமாகத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பியிருக்கிறேன். பக்க எண்கள் ஜெராக்ஸில் விழாமல் போனதால் யாருக்கும் தெரியவில்லை. மந்திரங்கள் அகர வரிசையில் இருக்கின்றன. நடுவில் கொஞ்சம் காணவில்லை என்பதைக் கையேடு எழுதிப் பிழைக்கும் நான் அத்தனை மாதமும் கவனிக்கவில்லை. இல்லாத பக்கத்தை ஆராய்ச்சி செய்துதான் அரை மணி நேரம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறோம்!

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பக்கத்தின் முதல் வரியைப் படித்ததும் வெட்கமெல்லாம் பறந்துவிட்டது. இடம் மாறுபவர் அந்த இடத்தின் ஆபத்தையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறார். விழுந்துகொண்டிருந்தவரின் இடத்துக்கு வருபவர் விழுவார் என்று அச்சிலேயே இருந்தது. நான் சொன்னதேதான்! ஒரு பிரதி எடுத்து, அந்த வரிக்கு மஞ்சள் கோடு போட்டுக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் கிழக்கேகோட்டையில், பாறசாலை பஸ்ஸுக்காக அவர் நிற்பதைப் பார்த்தேன். தோளில் பை, கையில் நனைந்த குடை. நான் நேரே போய், "விளையாட்டுல சாகறதெல்லாம் சகஜம். அதுக்குப் போய் இப்படிக் கோச்சுண்டா எப்படி?" என்று ஆரம்பித்தேன். தாளை எடுக்கப் பைக்குள் கையும் விட்டுவிட்டேன்.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "செத்ததுக்கு ஆரு கோவிச்சா? சாவும்ணு தெரிஞ்சிட்டுதான் எடம் மாறுனேன். பேசிப் பாத்தேன், அம்பிடுதான்."

"பின்ன என்ன?"

ஒரு பஸ் வந்து ஆட்கள் ஏறிப் போனார்கள். அப்புறம் குடையை மடக்கிக்கொண்டே, "நீங்க ஒண்ணு சொன்னிய. மொதல்ல ஏதாவது ஒரு பாஷைய ஒழுங்காப் பேசிப் படிச்சிட்டு வாங்க, பொறவு வாதாடலாம்ணு" என்றார்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அன்று எல்லோரும் சிரித்தது அதற்குத்தான்.

"ஆபீஸ்ல ஆரு சொன்னாலும் பழகிப்போச்சு. எங்கிட்ட சொல்லியிருந்தா ஒண்ணும் இல்ல. நீங்க அவன்கிட்ட சொல்லிட்டிய. அவன் ஒருத்தன்தான் பேடியில்லாம பேசிட்டு இருந்தான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவன் என்று அவர் சொன்னது அந்த மந்திரவாதியை; பேடி என்றால் அவர் ஊர்ப் பேச்சில் பயம்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதில் பாதி வெட்கம். நான் மட்டும் என்ன ஒழுங்கு? சென்னையில் ஒரு கல்யாணத்தில், கொஞ்சம் என்பதற்கு மலையாளச் சொல்லைப் போட்டு "குறச்சு ஜலம் தாங்கோ" என்று கேட்டதற்கு அங்கிருந்த பெண்கள் அடித்த கேலியில், மூன்று நாளும் சைகையிலேயே காலம் தள்ளியவள் நான். அந்த அவமானம் தெரிந்த வாயால்தான் இதைச் சொல்லியிருக்கிறேன். வாதத்தில் தோற்கப் போகிறோம் என்றதும் கைக்குக் கிடைத்ததை எடுத்து அடித்திருக்கிறேன். சொன்னதுகூட நினைவில்லாத அளவுக்கு அது எனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

"தப்புதான். என்னை மன்னிச்சுடுங்கோ" என்றேன். கையேட்டில் எழுதும் வாக்கியம் மாதிரி அது ஒன்றுதான் அன்று என் வாயில் தெளிவாக வந்தது. அடுத்தாற்போல் சென்னைக் கல்யாணக் கதையையும் சொன்னேன். சைகையில் தண்ணீர் கேட்டதை நடுரோட்டில் நடித்துக் காட்டினேன். அவர் சிரித்தேவிட்டார்.

அவருடைய பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. "பைக்குள்ள கைய விட்டுட்டே நிக்கியளே, அது என்னது?" என்று கேட்டார்.

நான் தயங்கினேன். காட்டாமல் இருந்தால் நல்லது என்று தோன்றியது. புத்தகத்தில் நீங்கள் பிழைத்துவிட்டீர்கள் என்று ஒரு பொய் சொன்னால் என்ன என்றுகூட நினைத்தேன். ஆனால் அவரிடம் இன்னொரு தடவை கோணலாக நடக்க மனம் வரவில்லை. பக்கம் தொலைந்த கதையைச் சொல்லித் தாளைக் கொடுத்தேன். மஞ்சள் கோடு வேறு பளிச்சென்று பல்லை இளித்தது.

அவர் நின்றபடியே படித்தார். இரண்டு தடவை படித்தார். "அப்ப நான் செத்தது செத்ததுதான்" என்றார். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். "செத்தவனுக்கு ஒரு தம்பி உண்டும்ணா, அவன் வரப்பிடாதுண்ணு இதுல எங்கயாவது எழுதியிருக்கா?"

நான் என்னையும் மீறி அந்தத் தாளை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தேடினேன். பழக்க தோஷம். "எங்கேயும் இல்லை" என்றேன்.

"எழுதலைண்ணா?"

"வரலாம். தாராளமா வரலாம்" என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை ராத்திரி ஊருக்குப் போனவர் மத்தியானத்துக்குள் திரும்பி வந்து எங்கள் மாடியில் உட்கார்ந்துவிட்டார், புதுத் தாளோடு. மற்ற இரண்டு பேரிடமும் பக்கம் தொலைந்ததைச் சொன்னேன். கோழிக்கோட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் அன்று வாய் தவறிச் சொன்னதற்கு அவர்கள் முன்னாலேயே ஒரு தடவை மன்னிப்புக் கேட்டேன். சிரித்தவர்கள் முன்னால்தானே கேட்க வேண்டும்? தோழியும் தலையைக் குனிந்துகொண்டாள். பாறசாலைக்காரர்தான், "செரி, செரி, கதையத் தொடங்குங்க" என்று எங்களைக் காப்பாற்றினார்.

கோட்டை வாசலில் ஒரு புது மனிதர் வந்து நிற்கிறார், என்ன சொல்கிறார் என்று கேட்டேன். அவர் எழுந்து நின்று, கதை சொல்பவளான என்னையே நேராகப் பார்த்து, "ஏல! எங்க அண்ணனக் கொன்னது ஆருல?" என்று போட்டார் பாருங்கள் ஒரு சத்தம்! அண்ணனைக் காட்டிலும் இரண்டு மடங்கு. கீழேயிருந்து அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். ஓடி வந்தவள் அவரைப் பார்த்ததும், "வந்துட்டேளா! உப்பேரி இருக்கு, தரேன்" என்று அதே வேகத்தில் திரும்பிப் போனாள்.

திங்கட்கிழமை அவர் மேனேஜர் அறைக்குள் போனார். பத்து நிமிடம் கழித்து வெளியே வந்து, நாலடி நடந்து என் மேஜைக்கு வந்து, "நானே பேசுதேன்னு சொல்லிட்டேன்" என்றார். இ-மெயில் இல்லை.

வாடிக்கையாளர்கள் வந்த அன்று நாங்கள் எல்லோரும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அவருடைய ஆங்கிலம் நிதானமாக, அவருக்கே உரிய இழுப்போடு வந்தது. அதை மாற்ற அவர் முயற்சி செய்யவில்லை. பாதியில் கம்ப்யூட்டர் அசையாமல் நின்றுவிட்டது. அவர் அந்தத் திரையைப் பார்த்துத் தாழ்ந்த குரலில், ஆனால் மைக்கில் நன்றாகக் கேட்கும்படி, "ஏல, மாறி நில்லுல" என்றார். நாங்கள் மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டோம். வந்தவர்களில் ஒருவர் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். இது எங்கள் ஊரில் பேய்களிடம் பேசும் விதம் என்று அவர் ஆங்கிலத்தில் விளக்கினார். அவர்களும் சிரித்தார்கள். அதற்கப்புறம் ஒரு மணி நேரம், கேள்விக்கு மேல் கேள்வியாக, அவர் நிறுத்தவே இல்லை.

அந்தக் கூட்டம் இன்று நாலு திசையில் சிதறிவிட்டது. நான் இன்னமும் கையேடுதான் எழுதிக்கொண்டிருக்கிறேன், பக்க எண் சரியாக இருக்கிறதா என்று மூன்று தடவை பார்க்கிறேன். அந்த மந்திரத்துக்கு நான் சொன்ன அர்த்தம்தான் சரி என்பதை இங்கேயும் ஒரு தடவை பதிவு செய்துவிடுகிறேன், புத்தி மாறவில்லை. ஆனால் எந்த மீட்டிங்கிலாவது யாராவது ஒருத்தர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தால், அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று இப்போதெல்லாம் நான் முடிவு கட்டுவதில்லை. என்னைப் போல ஒருத்தி என்றைக்கோ சிரித்துக்கொண்டே எதையோ சொல்லிவிட்டு அதை மறந்தும் போயிருப்பாளோ என்றுதான் முதலில் தோன்றுகிறது.